மூலையில் இருக்கும் பெட்டி

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் எலெக்ட்ரீஷியன் குடியிருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் பேட்டையைத் தெரிந்திருக்கும். தூங்கிக்கொண்டே போனவர்களுக்குக்கூட மூக்கின் மூலமாகத் தெரிந்திருக்கும்.

அவருக்கு ஒரே பையன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆலைகளில் உள்ள குழாய்களையும் தொட்டிகளையும் கொதிகலன்களையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து காட்டுகிற உத்தியோகம் ஒன்று இருக்கிறது. அப்பா அந்தக் குழாய்களுக்கு நடுவே இருபத்தைந்து வருஷம் நின்றார்; நான் அவற்றை நாற்காலியில் உட்கார்ந்து வரையப்போகிறேன் என்பது அவன் லட்சியம். குற்றம் சொல்ல முடியாத லட்சியம்.

அவனிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. சின்னச் சின்னப் படங்களை வரையும்போது சமர்த்தாக இருக்கும். ஒரு முழு ஆலையையும் திரையில் கொண்டுவந்து கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்றால், செக்குமாடு திரும்புகிற மாதிரி திரும்பும். "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும் மாமா. அம்மா சீட்டு எடுத்த பணம் 12,000 இருக்கு. எது வாங்கலாம்?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

நாவல் எழுதுகிறவனுக்கு எல்லா விஷயமும் தெரியும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனம் வருவதில்லை. நான் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். ஆகவே கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்தான். அதைவிட ஆபத்து, நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது 2022-ஆம் வருஷத்துக் கடைசி. அந்தச் சமயத்தில் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் மலிந்து கிடந்தன. முந்தின இரண்டு வருஷங்கள் உலகமெங்கும் ஆசாமிகள் இந்தக் கார்டுகளைப் பத்தும் இருபதுமாக வாங்கி அடுக்கி, இரவும் பகலும் ஓடவிட்டு, ஈதரியம் என்ற மின்னணு நாணயத்தைத் 'தோண்டி' எடுத்தார்கள். கார்டின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிற்று. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த நாணயம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. தோண்டுகிற வேலை ஒரே நாளில் நின்றது. அத்தனை கார்டுகளும் பழைய சாமான் கடைக்கு வந்தன.

நானும் பையனும் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் இறங்கினோம். மவுண்ட் ரோடை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டையில், நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக் கிடக்கிற அந்தச் சந்தில் கிடைக்காத மின்னணுச் சாமான் இல்லை. ஒரு கடையில் நல்ல பெரிய கார்டு ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு விசிறி வைத்து, செங்கல் கனத்தில் இருந்தது. விலை 10,500. கடைக்காரர், "உங்க சிஸ்டத்துல எஸ்.எம்.பி.எஸ். என்ன சார்?" என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் மூலையில் இருந்துகொண்டு, சுவரிலிருந்து வரும் கரண்டை மற்ற உறுப்புகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் தகரப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர்.

"450 வாட்" என்றேன் மிடுக்காக.

"லேபிளைப் பார்த்தீங்களா?"

"லேபிளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "இந்தக் கார்டு 185 வாட் இழுக்கும் சார். சின்னக் கார்டா எடுத்துக்கிட்டு, மிச்சத்துக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு போட்டுடுங்க" என்றார். வியாபாரத் தந்திரம் என்று எனக்குப் பட்டது. நான் பையனைத் தனியாக அழைத்து, "தம்பி, கார்டுக்குப் பணத்தைப் போடு. மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னதற்குச் சாட்சி ரிச்சி தெருவே.

பழைய பெட்டியில் அந்தக் கார்டுக்கு வேண்டிய எட்டு முள் ஒயர் இல்லை. நாலு முள் ஒயர் இரண்டைச் சேர்த்து எட்டு முள்ளாக்கும் மாற்று ஒயர் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கினோம். ஊருக்கு வந்து மாட்டினோம். திரையில் ஆலை பம்பரமாகச் சுற்றியது. மூன்று நாள் பையனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நாலாம் நாள் சாயங்காலம் 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு கருகின வாடை. எஸ்.எம்.பி.எஸ். போயிற்று, போகிறபோது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. மூன்று மாதம் வரைந்த படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. பத்து நாளில் ஒரு கம்பெனியில் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

இரவு ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. திருகுகளைக் கழற்றி, தகரப் பெட்டியை வெளியே எடுத்து, டார்ச் விளக்கில் லேபிளைப் படித்தார்.

"மொத்தம் 450-ன்னு பெருசா போட்டிருக்கான் சார். கீழ பாருங்க. 12 வோல்ட் லைன்ல 16 ஆம்பியர்தான். பெருக்குங்க, 192 வாட். கார்டு ஒண்ணே 185 கேட்டா மத்ததுங்க எங்க போவும்?" என்றார். பிறகு மெதுவாக, "ஆலையில புது மோட்டார் வந்தா நாங்க முதல்ல மோட்டாரைப் பார்க்க மாட்டோம். கேபிளைப் பார்ப்போம், பிரேக்கரைப் பார்ப்போம். அது தாங்கும்னாத்தான் மோட்டாரை இறக்குவோம்" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 450 என்று எழுதிய பெட்டிக்குள் 192 எப்படி வந்தது? அந்த லேபிள் பொய் சொல்கிறதா, அல்லது எனக்குப் படிக்கத் தெரியவில்லையா? அதைத் தெரிந்துகொள்ளப் புகுந்த இடத்தில் ஒரு சரித்திரமே இருந்தது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் உறுப்புகள் கொஞ்சமான வோல்ட்டில் வேலை செய்கிறவை. நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட், அதுவும் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிற மாறு மின்சாரம். அந்தக் காலத்தில் இதைக் குறைக்க இரும்பு உள்ளீடு வைத்த கனத்த டிரான்ஸ்பார்மர் வேண்டியிருந்தது. மிஞ்சுகிற சக்தி சூடாகி வீணாயிற்று. இதற்கு மாற்று வழி, வருகிற மின்சாரத்தை முதலில் நேராக்கி, ஒரு டிரான்ஸிஸ்டரால் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடுவது. வெட்டின மின்சாரத்துக்குச் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும். எஸ்.எம்.பி.எஸ். என்பது இந்த வெட்டும் முறைதான். 1960-களிலேயே செயற்கைக் கோள் போன்ற இடங்களில் இது புழங்கிற்று. 1977-ல் வந்த ஆப்பிள் இரண்டு என்ற கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற நிபுணர் இதே முறையில் சிறிய பெட்டி ஒன்று செய்துகொடுத்தார். 38 வாட். விசிறிகூடக் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரைப் புகழ்ந்தவர்கள் அதன் வண்ணப் படத்தைப் புகழ்ந்தார்கள்; மூலையில் இருந்த பெட்டியைச் சிலரே கவனித்தார்கள்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனியின் மேஜைக் கம்ப்யூட்டர் வந்தது. இன்று நம் மேஜையில் இருப்பதற்கெல்லாம் அதுதான் பாட்டன். அதன் மின்பெட்டி 63.5 வாட். அதற்குள் இருந்த சில்லுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் முக்கியமாக டிஸ்க்கைச் சுற்றும் மோட்டாருக்குத்தான். ஆகவே பெட்டியைச் செய்தவர்கள் 5 வோல்ட் பக்கம் தாராளமாகவும் 12 வோல்ட் பக்கம் சிக்கனமாகவும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து நியாயம் அது. அதன் வண்ணக் கார்டு திரையில் 64,000 புள்ளிகளை 4 நிறத்தில் காட்டிற்று. பெரிதாகக் கரண்டு கேட்கவில்லை.

கேட்டது ஹார்ட் டிஸ்க். அதை வாங்கிப் பழைய பெட்டியோடு சேர்த்தவர்களுக்கு 63.5 வாட் போதவில்லை. பெட்டியையே மாற்றவேண்டி வந்தது. 1983-ல் ஐ.பி.எம். தன் அடுத்த கம்ப்யூட்டரை ஹார்ட் டிஸ்க்கோடு விற்றபோது பெட்டியை 130 வாட்டாக உயர்த்திற்று. 1984-ல் 192 வாட். எங்கள் பையனுக்கு நேர்ந்த சங்கடம் 40 வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் அரங்கேறிவிட்டது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தவறு பழையது என்றால் செய்தவனுக்குக் கனம் குறைகிறது.

நம் நாட்டில் 1984 நவம்பரில் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்து இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1997-ல் தகவல் தொழில்நுட்பச் சாமான்களுக்குச் சுங்கத்தைப் படிப்படியாக நீக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். 'அசெம்பிள்' கம்ப்யூட்டர் என்று அதற்குப் பெயர். அதில் பிராசஸரை விசாரித்து வாங்குவார்கள். ராமை விசாரித்து வாங்குவார்கள். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கேபினெட்டோடு இனாமாக வரும். இனாமாக வருவதை யார் விசாரிப்பார்கள்?

இதற்குள் கார்டுகளின் யுகம் பிறந்துவிட்டது. 1996-ல் வூடூ என்ற கார்டு முப்பரிமாணப் படத்துக்காகவே வந்தது. 1999-ல் ஜிஃபோர்ஸ் 256. இந்தக் கார்டுகள் செய்கிற வேலை கஷ்டமான கணக்கல்ல. எண்ணிக்கையில் அடங்காத சின்னக் கணக்கு. இன்றைய சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. படம் தடங்காமல் ஓட வினாடிக்கு 60 தடவை வரையவேண்டும். அதாவது ஒரு வினாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கவேண்டும். ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே சமயத்தில் கூட்டல் போடச் சொல்வது போன்ற காரியம். அத்தனை பேருக்கும் சோறு போடவேண்டாமா?

2000-ஆம் வருஷத்தில் அந்தச் சோற்றுப் பிரச்னை வெளியே வந்தது. வூடூ 5 வரிசையில் ஒரு கார்டு, டிஸ்க்குக்குப் போகிற ஒயரில் பங்கு கேட்டது. அதே வரிசையில் நாலு சில்லு வைத்த இன்னொரு கார்டுக்கு, சுவரில் தனியாகச் செருகும் மின்பெட்டியே வேண்டும் என்றார்கள். அது கடைக்கு வரவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் கம்பெனியின் சொத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதே 2000-ல் பென்டியம் 4 பிராசஸருக்காக 12 வோல்ட்டுக்குத் தனியாக ஒரு நாலு முள் இணைப்பு ஏற்பட்டது. 2004 வாக்கில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புதிய பொருத்து வாய் வந்தது. மதர்போர்டின் வாய் வழியே கார்டுக்கு 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் ஆறு முள் ஒயரில் 75, எட்டு முள் ஒயரில் 150 என்று கணக்கு நிலைபெற்றது. 2025-ல் வெளிவந்த மிகப் பெரிய கார்டு ஒன்றுக்கு 575 வாட். ஐ.பி.எம்.மின் அந்த முதல் மின்பெட்டி ஒன்பதைச் சேர்த்தாலும் அந்த ஒரு கார்டுக்குப் போதாது.

ஆக, 20 வருஷத்துக்குள் கம்ப்யூட்டரின் பசி 5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இடம் மாறிவிட்டது. மலிவான பெட்டிகள் மாறவில்லை. 5 வோல்ட், 3.3 வோல்ட் கம்பிகளில் யாருக்கும் வேண்டாத சக்தியைக் கொடுத்து, அதையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போட்டார்கள். எங்கள் லேபிளின் ரகசியம் இதுதான். 450 என்பது பழைய காலத்துக் கூட்டல். 192 என்பது இன்றைக்கு உபயோகப்படுகிற மிச்சம். லேபிள் பொய் சொல்லவில்லை. பெரிய எழுத்தை மட்டும் படிக்கிறவனுக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரனுக்குக் கரண்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டு, 1962-ல் ரஷ்ய உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் முதல் 50 மெகாவாட் யந்திரம் ஓடிற்று. அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. பின்னால் வந்தவை ஓடுகின்றன. ஆனால் மின்சாரம் பிறக்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் மட்டும் வீட்டுக்கு ஒழுங்காக மின்சாரம் வந்துவிடாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தபோது பலா, முந்திரியோடு ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்தன. தாங்கிவர நடுவில் கம்பம் இல்லை. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுத்த வருஷம் மின்வெட்டு. வருவதும் போவதும், வரும்போது தாழ்ந்து வருவதும் எகிறி வருவதும். இத்தனை அடியையும் முன்னால் நின்று வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு நிதானமான 12 வோல்ட்டைக் கொடுப்பது அந்த மூலைப் பெட்டிதான். அதைப் போய் இனாமாக வாங்குகிறோம்.

சரி, குறைந்த பணத்தில் என்னதான் செய்வது? நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் பெட்டியின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பார்த்து 12-ஆல் பெருக்கவேண்டும். பிராசஸருக்கு ஒரு 65, மற்றவற்றுக்கு ஒரு 50, கார்டுக்கு அதன் கணக்கு என்று கூட்டவேண்டும். கூட்டின தொகையைப் போல ஒன்றரை மடங்காவது பெட்டி தரவேண்டும். தராவிட்டால் பெட்டியை மாற்று, அல்லது கார்டைச் சிறிதாக்கு. இரண்டில் எதற்கும் மனமில்லாமல் மாற்று ஒயரை வாங்காதே.

சிறிய கார்டு என்றால் கேவலமில்லை. 2014-ல் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. என்ற கார்டு 60 வாட்டிலேயே ஓடிக் காட்டிற்று. 2016-ல் 1050 டி.ஐ., 2019-ல் 1650, இரண்டும் 75 வாட். இவற்றில் பெரும்பாலானவை தனி ஒயரே கேட்காமல், மதர்போர்டின் வாயிலிருந்து கிடைப்பதைச் சாப்பிட்டுவிட்டு வேலை செய்கிறவை. ஏழை வீட்டுக்கு ஏற்ற மருமகள்.

கார்டுக்கும் பிராசஸருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய கார்டைத் திரும்ப ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனோம். அதே கடைக்காரர். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டாமல் 8,000-க்கு எடுத்துக்கொண்டார். கையில் பழைய மிச்சம் 1,350. வாங்கினது: பழைய மதர்போர்டு 2,500, படங்களை வைக்கச் சின்ன எஸ்.எஸ்.டி. 1,500, பழைய 75 வாட் கார்டு 6,000, புதிய எஸ்.எம்.பி.எஸ். 3,200. குறைந்த 3,850 ரூபாயை நான் கொடுத்தேன். ஒரு சிறுகதைக்கு வந்த சன்மானம். அந்தக் கதையைவிட இந்தச் செலவில் எனக்குப் படிப்பினை அதிகம். புதிய பெட்டியிலும் 450 என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் 12 வோல்ட் வரியில் 36 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 432.

திரையில் ஆலை இப்போது பம்பரமாகச் சுற்றவில்லை. கோயில் தேர் மாதிரி நிதானமாகத் திரும்புகிறது. வேலைக்கு அது போதும் என்றான் பையன். படங்களைத்தான் மறுபடி முதலிலிருந்து வரையவேண்டி இருந்தது. அந்தக் கம்பெனியின் தேதி அதற்குள் போய்விட்டது. அந்த இடத்தை வேறு யாரோ பெற்றிருப்பார்கள். அது என் ஒரு வாக்கியத்தின் விலை. அதை எந்த சன்மானத்தாலும் கட்டமுடியாது.

பையனைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் அவன் வரைகிற ஆலையைப் பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே, நிஜமான ஆலைகளின் புகையும் தெரியும். 1971-ல் சிப்காட் நிறுவனம் ஏற்பட்டு, 1980-களில் எங்கள் ஊருக்கு அந்தப் பேட்டை வந்தபோது எத்தனை ஆலை வரும், எத்தனை பேருக்கு வேலை வரும் என்று எண்ணினார்கள். உப்பனாறு எவ்வளவு கழிவைத் தாங்கும், குடிகாட்டின் காற்று எவ்வளவு தாங்கும் என்று எண்ணினவர்கள் குறைவு. 2004-ல் அந்தக் கிராமத்து ஜனங்களே வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பவேண்டி வந்தது. சேர்க்கிறவன் ஒருவன், தாங்குகிறவன் வேறொருவன் என்றால் கணக்கு இப்படித்தான் போகும். அங்கே கருகினால் புதிய பெட்டி வாங்கி மாட்டமுடியாது.

அடுத்த வருஷம் பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனான். கிளம்புகிற நாளில் பார்த்தேன்: ஆலையில் மின்பலகைகளின் மேல் ஒட்டுகிற மாதிரி, கேபினெட்டின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. 'தாங்குவது 432. சுமை 190.'

மாதம் ஒரு தடவை அந்தப் பெட்டியின் தூசியைத் தட்டவேண்டும் என்று பையனிடம் சொல்லி அனுப்பினார். கார்டைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை.